நாட்கணக்கும் உடலறிவும்

(சங்க மண்டபத்தில் ஆண்டு விழாவையொட்டி நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இச்சங்கத்தின் மாதர் பகுதியார் எம்மிடம் வந்து, பெண்களின் மாத வட்டத்தைப் பற்றியும், அதனைக் கணக்கிட்டுக் கருத்தரிக்குங் காலத்தை அறியும் முறையைப் பற்றியும் இவ்விழாவிற் பேசவேண்டும் என்று கேட்டபொழுது நாம் உடனே சம்மதிக்கவில்லை. பெரியோர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சபையிலே, ஆண்மக்களும் பெண்மக்களும் ஒருங்கே கூடியிருக்கும் இடத்திலே, இது பேசத்தக்க பொருளோ என்று இரண்டு நாள் யோசித்தோம். யோசிக்க யோசிக்க எமது சொந்தக் குற்றமொன்றே நினைவுக்கு வந்தது.

நாம் பல்லாண்டு காலம் பெண்கள் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பித்தவர்கள். பூவின் பாகங்களைக் கற்பிக்கும் நாளில் வேலியோரத்துப் பூசணிப் பூவைப் பறித்து வந்து, பிளந்து காட்டி, இது சூலகம், இது சூல்வித்து, இங்கேதான் மகரந்தம் சேரும் என்று கரும்பலகை நிறைய வரைவோம். மனிதரின் இனப்பெருக்கம் என்னும் அத்தியாயம் வந்ததும், "இதை வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கோ பிள்ளைகள்" என்று நாலு பக்கத்தை ஒரேயடியாகப் புரட்டிவிடுவோம். வீட்டிலே யார் வாசித்துக் காட்டினார்கள்? பூசணியின் சூலகத்தை அறிந்த பிள்ளை தன்னுடைய சூலகத்தை அறியாமலே கலியாணம் முடித்துப் போனாள். அப்படிப் போன பிள்ளைகளிற் சிலர் பத்துப் பன்னிரண்டு வருடங்கழித்து எம்மிடம் திரும்பிவந்து, தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விகளே இன்றைய பேச்சுக்குக் காரணம். அன்று புரட்டிவிட்ட நாலு பக்கத்தையும் இன்று வாசிக்கின்றோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் எண்ணும் வழக்கம் எமக்குப் புதியதன்று. எமது வீடுகளிலே அடுக்களைக் கதவின் பின்புறத்தில் தொங்கும் கடை நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்பீர்களாயின், மாதத்துக்கு ஒன்றாகச் சிறிய பென்சிற் குறி இருக்கக் காண்பீர்கள். சில வீட்டில் அது புள்ளி. சில வீட்டில் புள்ளடி. வீட்டு ஆண்கள் அதனைப் பால்காரன் கணக்கு என்று எண்ணியிருப்பார்கள். கொடியேற்றத்துக்குப் போகலாமா, தேரன்று வீட்டிலே நிற்க நேருமா, தங்கையின் கலியாணத்துக்குப் பலகாரம் சுடப் போகலாமா என்று பெண்கள் முன்கூட்டிப் பார்த்துவைக்கும் கணக்கு அது. ஆவணித் திருவிழாவுக்கு ஆனியிலேயே விரல்மடித்து எண்ணிச் சொல்லிவிடும் ஆச்சிமாரை நாம் கண்டிருக்கின்றோம். எழுத்தறியாத கிழவிகளும் இக்கணக்கிற் பிழைவிடுவது அரிது. ஆயின் அவர்கள் எண்ணியதெல்லாம் துடக்கு நாள் எப்பொழுது வரும் என்பதற்காகவே. எஞ்சிய இருபத்துச் சொச்ச நாட்களிலும் உடலினுள்ளே என்ன நடக்கின்றது என்பதற்காக எவரும் எண்ணியதில்லை.

எமது பேச்சு வழக்கும் இந்தக் கணக்கையே சொல்லுகின்றது. கருவுற்ற பெண்ணை "முழுகாமல் இருக்கிறா" என்கின்றோம். மாதந்தோறும் முழுகவேண்டியவள் இம்மாதம் முழுகவில்லை என்பதே அதன் பொருள். ஒரு பெண்ணின் மாத வட்டத்தை அயலட்டையே கவனித்திருந்த காலத்துச் சொல் அது. அச்சொல் இன்றும் வழங்குகின்றது, கணக்குத்தான் நழுவிவிட்டது. கிளினிக்கிலே மருத்துவமாது முதலிற் கேட்பது, கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாள் எது என்பதைத்தான். அந்த நாளிலிருந்து 280 நாள் கூட்டியே பேற்று நாளைக் குறிக்கின்றார்கள். மூன்று மாதம் பின்சென்று ஏழு நாள் கூட்டினாலும் ஏறக்குறைய அதே திகதி வரும். "பொங்கல் முடிஞ்சு வந்தது போல" என்று பதில் வருமாயின் அவர் என்ன செய்வார்? பொங்கல் முடிந்து இரண்டு நாளா, இரண்டு கிழமையா? வயிற்றுப் பிள்ளையின் வளர்ச்சி குறைந்துவிட்டதோ, தாயின் கணக்குத்தான் பிழைத்ததோ என்று பிற்காலத்தில் வைத்தியர் தடுமாறுவதற்கு அந்த இரண்டு கிழமை போதும். ஆரம்ப மாதங்களிலே எடுக்கும் ஸ்கான் பரிசோதனை இக்குறையைப் பெரும்பாலும் தீர்க்கும். ஆயினும் காலந்தாழ்த்திக் கிளினிக்குக்குப் போகின்றவளுக்கு அந்த உதவியும் குறையும்.

இனி, உடலினுள்ளே நடப்பதைக் கூறுவாம். பெண்பிள்ளை பிறக்கும்பொழுதே அவளுடைய இரு சூலகங்களிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சூல்முட்டைகளின் மூலங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஆயுள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுவன நானூறு ஐந்நூறு மாத்திரமே. மாதத்துக்கு ஒரு முட்டை என்பது பொது விதி. உதிரம் காணும் முதல் நாளே வட்டத்தின் முதலாம் நாள் ஆகும். எம்மவரிற் பலர் முழுகிய நாளை முதலாம் நாளாகக் கொள்கின்றனர். அது கணக்கை மூன்று நாலு நாள் தள்ளிவிடும். ஒரு மாதத்து முதல் நாளிலிருந்து அடுத்த மாதத்து முதல் நாளுக்கு முந்திய நாள் வரை ஒரு வட்டம்.

மூளையின் அடியிலே கடலையளவாகக் கிடக்கும் கபச்சுரப்பி அனுப்பும் ஓமோன்களால் சூலகத்தில் ஒரு முட்டை முதிர்கின்றது. முதிரும் முட்டையைச் சூழ்ந்த பை ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனைச் சுரந்து, கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கின்றது. முட்டை வெளிப்பட்ட பின்னர், வெறும் பை மஞ்சள் நிறத் திரளாகிப் புரொஜெஸ்தரோன் என்னும் வேறோர் ஓமோனைச் சுரக்கின்றது. கரு வந்து தங்கினால் அச்சுவர் அதனை ஏந்திக்கொள்ளும். தங்காவிடின் மஞ்சள் திரள் வாடும், ஓமோன் குறையும், சுவர் கழன்று உதிரமாக வெளியேறும். விருந்தாளி வருவார் என்று பாய் விரித்து, அவர் வாராமையாற் பாயைச் சுருட்டுவது போன்றது இது. இதிலே அழுக்கென்றோ நோயென்றோ சொல்ல என்ன இருக்கின்றது?

கவனிக்கவேண்டிய செய்தி இனிமேல்தான் வருகின்றது. முட்டை வெளிப்பட்டதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையுள்ள பிற்பகுதி பெரும்பாலார்க்கு 12 தொடக்கம் 14 நாள் வரை நிலையாக இருக்கும். சிலருக்குப் பத்தாகவோ பதினாறாகவோ இருத்தலும் உண்டு. நீளுவதும் குறுகுவதும் பெரும்பாலும் முற்பகுதியே. ஆதலால், வட்டம் 28 நாளாயின் முட்டை ஏறக்குறைய 14 ஆம் நாளில் வெளிப்படும். 34 நாளாயின் 20 ஆம் நாளளவில். 24 நாளாயின் 10 ஆம் நாளளவில். எல்லாப் பெண்களுக்கும் பதினாலாம் நாள் என்று பாடப் புத்தகப் படத்தைப் பார்த்துச் சொல்வது தவறு. நாமும் அப்படித்தான் நெடுநாள் நம்பியிருந்தோம். காய்ச்சல், மனக்கவலை, பட்டினி, நெடும்பயணம் முதலியனவும் முட்டை முதிர்வதைத் தாமதிக்கச் செய்யும். பெண் "இம்முறை பிந்திப்போச்சு" என்று சொல்லும்பொழுது பெரும்பாலும் முட்டைதான் பிந்தியிருக்கும்.

வெளிப்பட்ட முட்டை 12 தொடக்கம் 24 மணித்தியாலம் வரைதான் உயிர்வாழும். ஆணின் விந்தணுவோ, தக்க சூழலில், பெண்ணுடலினுள் ஐந்து நாள் வரையும் பிழைத்திருக்கும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பின், முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளுமாக ஆறு நாட்களே கருத்தரிக்கத்தக்கவை என்பது பெறப்படும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வில்கொக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் துணைவரும், பிள்ளை விரும்பிய 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் பெற்றுச் சோதித்து, 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதுவேயாகும். கருத்தரித்தல் யாவும் அந்த ஆறு நாட்களுக்குள்ளேயே நிகழ்ந்திருந்தன. முட்டை வெளிப்பட்ட மறுநாள் தொடக்கம் ஒன்றேனும் நிகழவில்லை. அவர்களே 2000 ஆம் ஆண்டில் வேறோர் உண்மையையும் காட்டினர். 10 ஆம் நாள் தொடக்கம் 17 ஆம் நாள் வரையுள்ள காலத்துள் இந்த ஆறு நாளும் முழுமையாக அடங்கிய பெண்கள் நூற்றுக்கு 30 பேர் மாத்திரமே. ஏனையோர்க்கு அது முந்தியோ பிந்தியோ விழுந்தது. அயல்வீட்டாளின் கணக்கு உமக்கு உதவாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்துப் பழைய நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. முன்வரிசைப் பெரியோர் அதனை எதிர்பார்ப்பர் என்பதை அறிவோம். தொல்காப்பியக் கற்பியல், பரத்தையிற் பிரிந்த தலைவனாயினும் பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாள் மனைவியை நீங்கியிருத்தலாகாது என்று விதிக்கின்றது. அது கருத்தரிக்குங் காலம் என்று உரைகாரர் காரணங் காட்டுவர். சுசுருத சங்கிதை பன்னிரண்டு இரவு என்கின்றது. மனு பதினாறு இரவு என்று கூறி, முதல் நான்கை விலக்குகின்றார். இவற்றைக் கேட்டவுடன் நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவோர் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லமாட்டோம். முட்டை என்றொன்று பாலூட்டிகளுக்கு உண்டு என்பதையே 1827 ஆம் ஆண்டில் வொன் பேயர் என்னும் அறிஞர்தாம் கண்டு கூறினார். ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வைத்தியர் பலர், மாதவிடாயை அடுத்த சில நாட்களே கருத்தரிக்குங் காலம் என்றும், மாதத்தின் நடுப்பகுதி பயமற்ற காலம் என்றும் தம்மை நாடிவந்தோர்க்கு எழுதிக்கொடுத்தனர். அவர்களை நம்பிய குடும்பங்களிலே எத்தனை தொட்டில்கள் எதிர்பாராமல் ஆடினவோ! எமது பழைய பன்னிரண்டு நாள் விதி அவ்வளவு மோசமாகப் பிழைக்கவில்லை. ஆனால், இரட்டை இரவிற் சேர்ந்தால் ஆண்பிள்ளை, ஒற்றை இரவிற் சேர்ந்தால் பெண்பிள்ளை என்று அதே நூல்களில் வரும் செய்தி முழுப் பிழை. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு கொண்டுவரும் நிறமூர்த்தமே. இது 1905 ஆம் ஆண்டளவிலேயே வெளியான உண்மை. மூன்றாவதும் பெண் என்று மருமகளை முறைத்துப் பார்க்கும் மாமிமார் மகனையன்றோ முறைக்கவேண்டும்!

சரியான கணக்கை முதலிற் சொன்னவர் யப்பானிய வைத்தியர் ஒகினோ கியூசாகு. நீகாதா நகரத்து வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சைக்கு வந்த பெண்களின் சூலகங்களைக் கண்ணாற் கண்டு, அவர்களுடைய மாத நாட்களோடு ஒப்பிட்டு, முட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிடாய்க்கு முந்திய 12 தொடக்கம் 16 நாட்களுக்குள் என்று 1924 ஆம் ஆண்டில் எழுதினார். அவருக்கு முந்தியவர்கள் சென்ற மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணினார்கள். அவர் வரும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினார். அவ்வளவுதான் வித்தியாசம். ஒஸ்திரியாவில் ஹேர்மன் க்னவுஸ் என்பவரும் வேறு வழியால் அதே முடிவுக்கு அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்தார். ஆதலால் இக்கணக்கு இருவர் பெயராலும் வழங்குகின்றது.

கணக்குச் செய்யும் விதம் எளிது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் முதல் நாட்களைக் குறித்துவாருங்கள். அவற்றுள் மிகக் குறுகிய வட்டத்திலிருந்து 18 ஐயும், மிக நீண்ட வட்டத்திலிருந்து 11 ஐயும் கழியுங்கள். ஒருத்தியின் வட்டம் 26 நாளுக்கும் 31 நாளுக்கும் இடையில் நிற்கின்றது என்றால், 8 ஆம் நாள் தொடக்கம் 20 ஆம் நாள் வரையுள்ள காலத்துள் அவளுடைய கருத்தரிக்கும் நாட்கள் அமையும் என்று கொள்ளலாம்.

இங்கே எமக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் கதையைச் சொல்லவேண்டும். ஊரும் பேரும் வேண்டாம். கணவர் கொழும்பிலே உத்தியோகம். மனைவி இங்கே மாமியாரோடு. அவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளி இரவு வண்டியேறிச் சனி விடிய வந்து, ஞாயிறு இரவு திரும்பிவிடுவார். மூன்று வருடமாகப் பிள்ளையில்லை. அந்தப் பெண் பிடிக்காத விரதமில்லை, கட்டாத நூலில்லை. அயலில் ஒரு தொட்டிற் சடங்கு நடந்தால் அவளை முன்னுக்கு அழைக்கமாட்டார்கள். "மலடி" என்ற சொல் நேராகச் சொல்லப்படவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் அளவுக்குச் சொல்லப்பட்டது. மாமியார் மகனுக்கு வேறு இடம் பார்ப்பது பற்றித் தரகரோடு கதைத்ததும் நடந்தது.

அவ்வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் அனுபவசாலி. "உங்கட நாட்களை எங்கேயாவது எழுதி வைச்சிருக்கிறீங்களோ, தங்கச்சி?" என்று கேட்டார். எழுதவில்லை என்றவள், சற்றுப் பொறுத்து, கோயிற் கணக்குக்காகக் கலண்டரிலே புள்ளடி போடுவதுண்டு என்றாள். தமக்கையின் பிள்ளைகளுக்குக் கொப்பி உறை போடவென்று பழைய நாட்காட்டிகளைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாள். மூன்று வருடத்துத் தாள்களும் பாயில் விரிந்தன. அவளுடைய வட்டம் ஒரு நாள் முன்பின்னாக 28 நாளில் நின்றது. கணவர் வரும் முறை 14 நாளுக்கு ஒன்று. இருபத்தெட்டிலே பதினாலு சரியாக இரண்டு முறை போகும் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவர் வந்த சனி ஞாயிறுகள் பெரும்பாலும் அவளுடைய வட்டத்தின் 2 ஆம், 3 ஆம் நாட்களிலும், 16 ஆம், 17 ஆம் நாட்களிலுமே விழுந்திருந்தன. ஒரு வருகை துடக்கில். மறு வருகை முட்டை அழிந்த பின். புகையிரதமும் பெண்ணுடலும் ஒன்றையொன்று காணாமல் மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தன!

உத்தியோகத்தர் அதிகம் பேசவில்லை. அவளை 9 ஆம் நாள் தொடக்கம் 14 ஆம் நாள் வரை கோடிட்டுக் காட்டி, அந்த நாட்களில் கணவர் லீவு எடுத்து வரட்டும் என்றார். அதனோடு கணவரையும் பரிசோதனைக்குப் போகும்படி எழுதிக்கொடுத்தார். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் மகன் போனார், பழுதொன்றுமில்லை. ஐந்தாம் மாதம் அந்தப் பெண் முழுகாமல் இருந்தாள். தரகரிடம் கொடுத்த சாதகத்தைத் திருப்பி வாங்கியது யார் என்று நாம் கேட்கவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியாது என்பதையும் உடனே சொல்லிவிடுகின்றோம். குழாய் அடைபட்டிருந்தால், முட்டை முதிராதிருந்தால், விந்தணு குறைந்திருந்தால், எத்தனை கோடிட்டாலும் பயனில்லை. ஓராண்டு முயன்றும் கருத்தரியாவிடின் இருவரும் வைத்தியரிடம் போகவேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதத்துக்கு மேற் காத்திருத்தல் கூடாது. உலகத்தில் வளர்ந்தோரிலே ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இக்குறையை அனுபவிக்கின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஆம் ஆண்டில் அறிவித்தது. அத்தம்பதிகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடத்து, தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, ஆணின் குறையும் இருக்கின்றது. விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது; நோவற்றது; ஆயினும் எமது ஊரிலே கடைசியாகச் செய்யப்படுவது அதுவே. பெண்ணின் வயிற்றை மூன்று முறை சோதித்த பின்னரும் ஆண்மகன் வைத்தியசாலை வாசலை மிதிக்காத வீடுகள் உண்டு. இளைஞர்களே, "மலடி" என்ற சொல்லுக்கு நேரான ஆண்பாற் சொல்லை நீங்கள் தெருவிலே எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

கணக்கு மாத்திரமன்றி, உடலே காட்டும் அறிகுறிகளும் உள. முட்டை வெளிப்படும் நாள் நெருங்க நெருங்கக் கருப்பைக் கழுத்திலிருந்து வரும் சளி மாறும். மாதவிடாய் முடிந்தபின் சில நாள் ஒன்றுமிராது. பின் தடித்து, ஒட்டுந்தன்மையாக வரும். பின்னர் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, வழுவழுப்பாகி, இரு விரலிடையே நூல்போல இழுபடும். அத்தகைய சளியிலேதான் விந்தணு நீந்திச் செல்லவும் நாட்கணக்காய்ப் பிழைத்திருக்கவும் முடியும். முட்டை வெளிப்பட்டபின் அது மீண்டும் தடித்து மறையும். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்து வைத்தியத் தம்பதிகளான யோன் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்போர் 1950 ஆம் ஆண்டுகளில் தொடங்கி இதனை ஒரு முறையாக்கி உலகெங்கும் பரப்பினர். எம்மிடையே இந்தத் தெளிந்த சளியைக் கண்டு, வெள்ளைபடுகின்றது என்று பயந்து, பரிகாரியிடம் சூரணம் வாங்கிக் குடித்த பெண்கள் பலர். ஆரோக்கியத்தின் அடையாளத்துக்கு மருந்து! துர்நாற்றம், கடி, எரிவு, பச்சை அல்லது சாம்பல் நிறம் இருந்தால் மாத்திரமே அது வைத்தியரிடம் காட்டவேண்டிய வேறு விடயம்.

வெப்பநிலையும் ஓர் அறிகுறி. விடிய எழும்புமுன், படுக்கையில் இருந்தபடியே, நாள்தோறும் ஒரே நேரத்தில் வாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதிவந்தால், முட்டை வெளிப்பட்டபின் 0.2 தொடக்கம் 0.5 பாகை செல்சியஸ் வரை உயர்ந்து, அடுத்த மாதவிடாய் வரை உயர்ந்தே நிற்கக் காணலாம். மூன்று நாள் தொடர்ந்து உயர்ந்து நின்றால் முட்டைக் காலம் கடந்துவிட்டது. இதில் ஒரு குறை, வண்டி போனபின் மணியடிப்பது போல அது பிந்தித்தான் சொல்லும். சளியோ முந்திச் சொல்லும். ஆதலால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நன்று. மருந்துக்கடையில் விற்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டி, முட்டை வெளிப்படுவதற்கு 24 தொடக்கம் 36 மணித்தியாலம் முன்னர் ஏறும் ஓமோனைக் காட்டும். கைத்தொலைபேசியில் இதற்கென்று செயலிகள் உள்ளன என்று இளையோர் சொல்லுவர். நாட்களை மாத்திரம் இட்டால் அவையும் சராசரிக் கணக்கைத்தான் போடும். உமது சூலகத்தினுள் எட்டிப் பார்க்க அவற்றால் இயலாது. அந்தரங்கமான செய்தி எங்கோ ஒரு கம்பெனியின் பெட்டகத்திற் போய்ச் சேர்வதும் எமக்கு உவப்பன்று. ஐம்பது பக்கக் கொப்பி போதும்.

பிள்ளையைப் பின்போட விரும்புவோர் இக்கணக்கை நம்பலாமா? இக்கேள்வி எழுத்திலே எமக்கு முன்னரே தரப்பட்டது. கேட்டவர் பெயர் எழுதவில்லை. மறைக்காமல் விடை சொல்லுகின்றோம். வட்டம் 26 தொடக்கம் 32 நாளுக்குள் ஒழுங்காக நிற்கும் பெண்கள், 8 ஆம் நாள் தொடக்கம் 19 ஆம் நாள் வரை விலகியிருக்கும் முறையொன்றுண்டு. நூறு தம்பதிகள் ஓராண்டு கைக்கொண்டால், சிறிதும் பிசகாதவர்களிலும் ஐவருக்குக் கருத்தங்கும். வழக்கமாகச் செய்பவர்களில் பன்னிருவருக்குத் தங்கும். ஆகவே, இருதய நோயோ வேறு காரணமோ இருந்து, கருத்தரித்தல் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் சொல்லியுள்ள பெண் இதை மாத்திரம் நம்புதல் தகாது. பாலூட்டும் தாய்மாரும், நாற்பதைக் கடந்து நாட்கள் தடுமாறும் பெண்களும் அவ்வாறே. கணவன் ஒத்துழையாத வீட்டில் இம்முறை ஒரு நாளும் பலியாது. பன்னிரண்டு நாள் பொறுக்கும் கடமையை மனைவியின் தலையில் மாத்திரம் வைத்துவிட்டு, பிழைத்தால் அவளையே ஏசுவது எந்த நியாயம்?

பெரியபிள்ளையான சிறுமிகளைப் பற்றியும் தாய்மாருக்குச் சொல்லவேண்டும். சாமத்தியச் சடங்குக்குப் பந்தல் போடுகின்றோம், நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் கொடுக்கின்றோம், நல்லது. அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லுகின்றோமா? முதல் இரண்டு மூன்று ஆண்டு நாட்கள் ஒழுங்கின்றி வருதல் இயல்பு. 45 நாள் வரை இடைவெளி விழுந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மூன்று மாதம் வாராமலே இருந்தாலும், 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாவிட்டாலும், ஒரு கிழமைக்கு மேலே உதிரம் நீடித்தாலும், பாடசாலைக்குப் போகமுடியாத நோ மாதந்தோறும் வந்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று தாய் சொல்வது மருந்தாகாது. இரத்தக் குறைவால் வகுப்பிலே தூங்கி விழுந்த பிள்ளையைச் சோம்பேறி என்று நாமே ஏசியிருக்கின்றோம். அந்தப் பிள்ளையின் நாட்கணக்கை யாராவது எழுதியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

திருவிழாவுக்கு நாளைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. வைத்தியர் கேட்டறிந்து, அளவு சொல்லி, எப்போதாவது ஒருமுறை கொடுப்பதைப் பற்றி நாம் குறைசொல்லவில்லை. கொடியேற்றத்துக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, புதுமனைக்கு ஒன்று என்று அயல்வீட்டாள் மீதம் வைத்ததை வாங்கி விழுங்குவதைத்தான் சொல்லுகின்றோம். இரத்தம் உறையும் நோயுள்ளவர்க்கு அது ஆபத்தாகலாம். அன்றியும் மாத்திரை விழுங்கிய மாதத்தின் கணக்கு கணக்கன்று. கொப்பியிலே அதனை வேறு நிறத்தில் எழுதிவையுங்கள். துடக்குக் காப்பதா விடுவதா என்பது அவரவர் குடும்ப வழக்கம். இன்றைய எமது பொருள் அதுவன்று. காப்பவர்களும் எண்ணுகின்றார்கள், எண்ணும்பொழுது முழு வட்டத்தையும் எண்ணுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

புதிதாக மணம் முடித்தவர்கள் தங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் பதிந்துகொள்ளலாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போகவேண்டும். பிள்ளை விரும்புவோர் கருத்தரிக்குமுன்னரே போலிக்கமிலம் நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் எடுக்கத் தொடங்குவது, குழந்தையின் முள்ளந்தண்டிலும் மூளையிலும் உண்டாகும் குறைகள் பலவற்றைத் தடுக்கும். முழுகாமல் இருப்பது தெரிந்தபின் தொடங்கினால் அந்தப் பாகங்கள் உருவாகும் நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடும். நாட்கணக்கு அறிந்தவளுக்கே இதனை வேளைக்குத் தொடங்க முடியும்.

மாதர் பகுதியார் பன்னிரண்டு மாதத்துக்குக் கோடிட்ட தாள்களை மண்டப வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். முதல் நாள், முடிந்த நாள், சளி, வெப்பம், குறிப்பு என ஐந்து நிரல்கள் உண்டு. ஆண்களும் ஒன்று எடுத்துச் செல்லலாம். கொழும்பில் உத்தியோகம் பார்ப்போர் தங்கள் லீவு நாட்களையும் அதில் எழுதிக்கொள்ள இடம் விட்டிருக்கின்றது. எழுத்து மூலம் கேள்வி தர விரும்புவோர்க்குப் பெட்டியும் பக்கத்தில் உள்ளது, பெயர் எழுதவேண்டியதில்லை. தாள் முடிந்துபோனால் அடுக்களைக் கலண்டரே போதும்.